ஃபேனை நிறுத்திய பிறகு

1982 ஜனவரி மாதம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊர். வாடகை வீட்டின் படுக்கையறையில் ஒருவர் கிதாரோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே இரண்டு மைக். பக்கத்தில் டாஸ்காம் நிறுவனத்தின் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற பெட்டி. சாதாரண ஆடியோ கேசட்டில் நான்கு ட்ராக் பதியக்கூடிய அந்தக் கருவி சந்தைக்கு வந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. கிதார்களைப் பராமரிக்கும் உதவியாளரே அன்றைக்கு ஒலிப்பதிவாளர். பாடியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். பிறகு ஸ்டூடியோவில் குழுவோடு பாடுவதற்கு ஒரு மாதிரி வேண்டும் என்றுதான் இதைப் பதிந்தார். நான்கு ட்ராக்கையும் கலந்து இறக்கியது ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டரில். அதுவும் ஒருமுறை தண்ணீரில் நனைந்து பிழைத்த பெட்டி.

பின்னால் ஸ்டூடியோவுக்குப் போய்க் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் கேட்டது அங்கே கிடைக்கவில்லை. கடைசியில் கேசட்டையே இசைத்தட்டாக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான 'நெப்ராஸ்கா', வீட்டில் பதிந்த இசையைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வரும் பெயராகிவிட்டது.

அன்று பயன்பட்ட மைக், ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.57. 1965-இல் அறிமுகமான அந்த மாடல் இன்றும் கடையில் கிடைக்கிறது. போர்ட்டாஸ்டூடியோவின் நான்கு ட்ராக் இருந்த இடத்தில் இன்றைய சாதாரண லேப்டாப் நூறு ட்ராக்கைத் தாங்கும். ஆனாலும் புது மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் புது இன்டர்ஃபேஸ், புது மென்பொருள் எல்லாம் வாங்கி வைத்துப் பதிந்த முதல் பாட்டு, பெரும்பாலான வீடுகளில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலத்தான் கேட்கிறது. கூடவே ஒரு 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். இடையிடையே சோளப்பொரி வெடிப்பது போலச் சடசடப்பு.

பிழை எங்கே என்று தேட ஒரு வழி உண்டு. பாடுகிறவரின் வாயிலிருந்து கிளம்பும் ஒலி முதலில் அறையைச் சந்திக்கிறது. பிறகு மைக், ப்ரீஆம்ப், எண்ணாக மாற்றும் சில்லு, கம்ப்யூட்டர், கடைசியில் கேட்கிறவரின் காது. கடையில் பணம் செலவாகும் வரிசை வேறு. அதில் மைக்கும் மென்பொருளும் முன்னே நிற்கும். ஒலி முதலில் சந்திக்கும் அறைக்கு விலைச்சீட்டே கிடையாது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

மெத்தை சுமந்த பேராசிரியர்

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை மண்டபம் திறந்தார்கள். மேடையில் ஒருவர் பேசினால் சொல் மேல் சொல் விழுந்து எதுவும் விளங்கவில்லை. எழுந்த ஒலி அடங்க ஐந்தரை விநாடி பிடித்தது. அதற்குள் பேச்சாளர் பத்துப் பதினைந்து சொல்லைக் கடந்திருப்பார். இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது.

ஊர் அடங்கிய இரவுகளில் சபீன் வேலை செய்தார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து மண்டபத்தில் பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்துவார். ஒலி காதுக்கு முற்றிலும் மறையும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளப்பார். மெத்தையின் எண்ணிக்கையைக் கூட்டி மறுபடியும் அளப்பார். காலைக்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சுமைகூலி வேலையிலிருந்து ஒரு விதி பிறந்தது: அறையின் கன அளவு கூடினால் ஒலி தங்கும் நேரம் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும். பாஸ்டனில் 1900-இல் திறந்த சிம்பனி ஹால் இந்த விதியைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது.

நம் வீட்டு அறை பத்தடிக்குப் பத்தடி. பூசிய செங்கல் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. உறிஞ்சுவதற்கு எதுவுமில்லை. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினால், தட்டலின் வாலில் உலோகக் கம்பி அதிர்ந்தது போல ஒரு 'ட்ரிங்' கேட்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் ஒலி பந்தாடுவதுதான் அது. காது நேரில் கேட்கும்போது மூளை இதைக் கழித்துவிடுகிறது. மைக்குக்கு மூளை இல்லை. வந்ததை எல்லாம் அப்படியே எழுதிக்கொள்கிறது.

சபீனின் வைத்தியம் இங்கேயும் செல்லும். துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைக்கலாம். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தலாம். எந்தச் சுவரில் என்பதும் முக்கியம். பாடும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்னால் இருப்பதைக் கேட்டுப் பின்னால் இருப்பதை ஒதுக்கும் வகை. பாடகரின் முகத்தைப் பார்த்து நிற்கும் மைக், அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே மெத்தை இருக்க வேண்டிய இடம் பாடகரின் முதுகுப்புறம். மைக்குக்குப் பின்னால் பஞ்சு ஒட்டிவிட்டு எதிரொலி குறையவில்லையே என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

சுவரில் ஒட்டும் ஒரு அங்குல ஃபோம் பலகைகளின் கதையை எளிய கணக்கே சொல்லிவிடும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். ஓர் அலையை நன்றாக விழுங்க, உறிஞ்சும் பொருள் சுவரிலிருந்து அதன் கால்பங்கு தூரம் வரையாவது எட்ட வேண்டும். அதாவது முக்கால் மீட்டருக்கும் மேல். ஒரு அங்குல ஃபோம் கீச்சு ஒலிகளை மட்டும் தின்றுவிட்டுக் கீழ்ச்சுரங்களை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகும், ஆனால் உறுமல் போகாது. முட்டை அட்டை அதைவிடவும் மெலிது.

அந்த உறுமலுக்கும் முகவரி உண்டு. பத்தடி என்பது 3.05 மீட்டர். அந்த இடைவெளியில் 56 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலை கச்சிதமாக உட்காரும். அந்தச் சுரம் வாசிக்கும்போது சுவரோரம் நின்றால் காது அடைக்கும். அறையின் நடுவில் நின்றால் சுரம் காணாமல் போகும். நீளமும் அகலமும் சமமான அறையில் இரண்டு திசையிலும் ஒரே சுரம் மாட்டுவதால் தொல்லை இரட்டிப்பாகும். ஆகவே வீட்டில் இரண்டு அறை இருந்தால் சதுரமாக இல்லாததைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மெத்தையால் ஆகாததும் ஒன்று இருக்கிறது. அறைக்குள் அலையும் ஒலியை அது அடக்கும். தெருவில் போகும் ஆட்டோவை அடக்காது. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பார்த்தபின், இரவு பதினொரு மணிக்கு மேல் பதிவதுதான் மலிவான வழி என்ற முடிவுக்கே பலரும் வருகிறார்கள். ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, ஒரு டேக் முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஃபேனைப் போட்டு, அடுத்த டேக்குக்கு மறுபடி நிறுத்தி. தமிழ்நாட்டு வீட்டு ஸ்டூடியோவின் தாளம் பெரும்பாலும் இந்த சுவிட்சிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு சாண் தூரம்

மைக்குகளில் இரண்டு சாதி பிரதானம். டைனமிக் மைக்கில் ஒரு சவ்வின் பின்னால் கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். காற்று சவ்வைத் தள்ள, சுருள் காந்தத்துக்குள் அசைய, மின்சாரம் பிறக்கும். ஸ்பீக்கரைத் தலைகீழாக ஓட்டுவது போலத்தான். கன்டென்சர் மைக்கில் சுருள் இல்லை. பூச்சுப் பூசிய மெல்லிய படலம் ஒன்று உலோகத் தட்டுக்கு எதிரே மயிரிழை இடைவெளியில் நிற்கும். படலம் அசையும்போது இடைவெளி மாறும். அதோடு மின்தேக்கும் திறனும் மாறும். சுருளைச் சுமக்காத படலம் இலேசானது. அதனால் 'ஸ', 'ஷ' போன்ற நுண்ணொலிகளையும், வீணைத் தந்தியில் விரல் உரசும் ஓசையையும் இது துல்லியமாகப் பிடிக்கும்.

கன்டென்சர் மைக்கை 1916-இல் உருவாக்கியவர் ஈ. சி. வென்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர். அதற்கு எப்போதும் வெளியிலிருந்து மின்னழுத்தம் வேண்டும். 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் படலத்திலேயே மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தங்கவைக்கும் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். டேப் ரெக்கார்டரிலும் டெலிபோனிலும் பல கோடிக் கணக்கில் நுழைந்தது அதுதான்.

இன்டர்ஃபேஸில் '48 வோல்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஏன் 50 இல்லை, 45 இல்லை? 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக மைக் செய்தபோது, ஒலியைக் கொண்டுவரும் அதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்பும்படி வானொலியினர் கேட்டார்கள். குளிர்காலத்தில் வெளிச்சம் அரிதான அந்த நாட்டு ஸ்டூடியோக்களில் துணை விளக்குகளுக்கென்று 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் கொடுத்தார்கள். வடதுருவத்துக்குப் பக்கத்து நாட்டின் விளக்கு மின்சாரம் இன்று உலகம் முழுவதும் ஒலிப்பதிவின் தரநிலையாக நிற்கிறது. புது கன்டென்சர் மைக் வாங்கி, 'சத்தமே வரவில்லை' என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் பலர் இந்தப் பொத்தானை அழுத்தாதவர்கள்.

இரைச்சலான அறைக்கு டைனமிக் மைக்தான் சரி, அது வெளிச்சத்தத்தை எடுக்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பாதி உண்மை. எந்த மைக்குக்கும் பாட்டு எது, பிரஷர் குக்கர் விசில் எது என்று தெரியாது. டைனமிக் மைக்கை வாயருகே வைத்துப் பாடுவது வழக்கம். வேலை செய்வது அந்த நெருக்கம்தான். மைக்கின் தூரத்தை 30 சென்டிமீட்டரிலிருந்து 15-க்குக் குறைத்தால் குரல் 6 டெசிபல் உயரும். அறையின் எதிரொலியும் ஃபேனும் இருந்த அளவிலேயே இருக்கும். இரண்டாயிரம் ரூபாய் மைக்குக்கும் இருபதாயிரம் ரூபாய் மைக்குக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்த அரையடி இடப்பெயர்ச்சி பெரிதாகக் கேட்கும்.

மிகவும் நெருங்கினால் இன்னொரு விளைவு வரும். திசை பார்த்துக் கேட்கும் மைக்குகளில் பெரும்பாலானவை மிக அருகிலுள்ள ஒலியின் கீழ்ச்சுரங்களை ஊதிப் பெருக்கும். பண்பலை வானொலி அறிவிப்பாளர்களின் கனத்த குரலில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. 'பாட்டு', 'பக்கம்' என்று ப-கரத்தில் தொடங்கும் சொல்லில் வாயிலிருந்து கிளம்பும் காற்றும் மைக்கைத் தாக்கும். கட்டைவிரல் முனையிலிருந்து சுண்டுவிரல் முனை வரை ஒரு சாண். அந்தத் தூரத்தில் மைக்கை வைத்து, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் திருப்பி, நடுவில் காற்றைத் தடுக்கும் ஒரு பாப் ஃபில்டர் நிறுத்தினால் பெரும்பாலான குரல்களுக்கு அதுவே போதும்.

வெப்பம் போடும் எல்லை

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதைப் பெருக்குவது ப்ரீஆம்ப். அங்கேதான் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் நுழைகிறது என்பார்கள். விலையுயர்ந்த ப்ரீஆம்ப் வாங்கினால் தீருமா?

1920-களில் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அளந்து காட்டியதும், ஹாரி நைக்விஸ்ட் கணக்கிட்டு விளக்கியதும் ஓர் அடிப்படை உண்மை. சும்மா கிடக்கும் ஒரு மின்தடையில்கூட, வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் துள்ளுவதால், ஒரு மெல்லிய இரைச்சல் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். 150 ஓம் தடையுள்ள ஒரு மைக்குக்கு, காது கேட்கும் எல்லைக்குள், சாதாரண அறை வெப்பத்தில் இது சுமார் 0.22 மைக்ரோவோல்ட். எந்த நிறுவனமும் எத்தனை லட்சம் வாங்கினாலும் இதற்குக் கீழே போக முடியாது. இன்று தொடக்கநிலையில் விற்கும் நல்ல இன்டர்ஃபேஸ்களே இந்த எல்லைக்கு மூன்று நான்கு டெசிபல் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மிச்சமிருக்கும் அந்த இடைவெளி, ஓடும் ஃபேனின் முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆகவே இன்டர்ஃபேஸ் தேர்வில் பார்க்க வேண்டியவை வேறு. ஒரே நேரத்தில் எத்தனை மைக் வேண்டும்? தனியாகப் பாடுகிறவருக்கு இரண்டு உள்ளீடு தாராளம். மிருதங்கத்தின் இரு முகத்துக்கும் ஒவ்வொரு மைக், கூட ஒரு வயலின், ஒரு குரல் என்றால் நான்கு. உணர்வு குறைந்த டைனமிக் மைக்கைப் பயன்படுத்துவதானால், 60 டெசிபல் வரை இரைச்சலில்லாமல் பெருக்கும் திறன் வேண்டும். கம்ப்யூட்டருக்கான டிரைவரை அந்த நிறுவனம் தொடர்ந்து புதுப்பிக்கிறதா என்பதும் முக்கியம்.

ஒலியை எண்ணாக்கும்போது ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபல் இடம் தரும். சி.டி.யின் 16 பிட் 96 டெசிபல்; 24 பிட் கணக்குப்படி 144. நடைமுறையில் மின்சுற்றின் இரைச்சலால் 110 முதல் 120 வரை கிடைக்கும். டேப் காலத்தில் டேப்பின் சொந்த இரைச்சலை அமுக்க ஒலியளவைச் சிவப்புக் கோடு வரை ஏற்றிப் பதிவது பழக்கம். எண் உலகில் அந்தப் பழக்கம் ஆபத்து. பூஜ்யத்தைத் தொட்ட கணமே அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். பாட்டின் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கெய்ன் (பெருக்கும் அளவு) வைத்தாலும் 24 பிட்டில் எதுவும் நஷ்டமில்லை. ஒத்திகையில் அடக்கமாகப் பாடுகிறவர் டேக்கில் உச்சஸ்தாயியை ஓங்கிப் பிடிப்பார் என்பது மனித இயல்பு. அதற்கான இடம் அந்த 12 டெசிபல்.

கொத்திலிருந்து வரும் தாமதம்

ஹெட்ஃபோனில் தன் குரலே சற்றுப் பிந்தி வந்தால் யாருக்கும் பாட்டு வராது. கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாகக் கையாள்வதில்லை. ஒரு கொத்து சேர்ந்த பிறகு மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் கொத்துக்குப் பெயர் பஃபர். விநாடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில் 256 மாதிரிக் கொத்து நிரம்ப 5.3 மில்லிவிநாடி. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, நடுவில் சில்லறைத் தாமதங்கள் என்று மொத்தம் 12, 13 ஆகிவிடும்.

ஒரு மில்லிவிநாடியில் ஒலி காற்றில் 34 சென்டிமீட்டர் நகரும். ஆக 12 மில்லிவிநாடி என்பது நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்த பக்கவாத்தியக்காரரைக் கேட்பது போல. மேடையில் அது சகஜம். தொல்லை அதற்கு மேல் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், ஓர் அடிக்கு எட்டுச் சொல் விழும்படி மிருதங்கம் வாசித்தால், சொல்லுக்குச் சொல் இடைவெளி 62 மில்லிவிநாடி. தாமதம் 30 ஆனால் ஏறக்குறைய பாதிச் சொல் பின்தங்கிவிடும். புளூடூத் ஹெட்ஃபோனில் தாமதம் நூறைத் தாண்டுவது சாதாரணம். பாட்டுக் கேட்க அது தோது. பதிவுக்குக் கம்பி வைத்த ஹெட்ஃபோன்தான்.

விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதை சுற்றுவழி. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த 'ஏசியோ' என்ற டிரைவர் முறை அந்தச் சுற்றைத் தவிர்த்து மென்பொருளை நேரே இன்டர்ஃபேஸோடு பேசவைக்கிறது. மேக் கம்ப்யூட்டரில் இதற்கு ஈடான ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. இன்னும் சுலபமானது, இன்டர்ஃபேஸில் உள்ள 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான். மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பக் காத்திராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும்.

மென்பொருள் விஷயத்தில் சண்டைதான் அதிகம். ஒலிகளைக் கூட்டிக் கலக்கும் கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றே. ஒன்றில் பதிந்த குரல் இன்னொன்றைவிட இனிமையாக இருக்க வழியில்லை. ஆடாசிட்டி இலவசம், 1999-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆப்பிள் கருவி வைத்திருப்பவருக்கு 2004-இல் வந்த கராஜ்பேண்ட் கூடவே வரும். ரீப்பரை எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கெல். எம்.பி.3 காலத்தில் ஊரெல்லாம் பாட்டுக் கேட்ட வின்ஆம்ப்பும் அவர் எழுதியதுதான். பழைய கம்ப்யூட்டரிலும் ரீப்பர் ஓடும், விலையும் குறைவு. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஒரு நண்பர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சத்தத்தின் முகவரி

பழுது பார்ப்பது துப்பறியும் வேலை. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு குரல் உண்டு. அந்தக் குரலை அடையாளம் கண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் குற்றவாளி ரீங்காரம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஆகவே நம் ரீங்காரத்தின் சுருதி 50 ஹெர்ட்ஸ், அதன் மேலே 100, 150. அமெரிக்காவில் 60. இதைப் பிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்க வேண்டும். ரீங்காரம் சட்டென்று நின்றால், இன்டர்ஃபேஸும் ஸ்பீக்கரும் லேப்டாப்பும் வெவ்வேறு பிளக்குகளின் வழியாக எர்த்தைத் தொட்டு ஒரு வளையம் போட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினாலே பல வீடுகளில் அடங்கிவிடும். சார்ஜரைப் பிடுங்கியும் நிற்காமல், கிதாரைப் பிடித்தபடி உடம்பைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால், பிக்கப்பின் கம்பிச்சுருள் அறையிலுள்ள காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. பக்கத்தில் மின்னணு ஃபேன் ரெகுலேட்டரோ மங்கலாக்கும் விளக்கு சுவிட்சோ இருக்கும். ரீங்காரத்தை ஒழிக்கப் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடும் கைவைத்தியம் மட்டும் கூடவே கூடாது. உலோக மைக்கில் உதடு படப் பாடுகிறவருக்கு அந்த முனைதான் உயிர்க்காப்பு.

மைக் கேபிளின் மூன்று முனை இணைப்பிலும் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில், ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். வழியில் நுழையும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் ரத்தாகி, ஒலி இரட்டிப்பாகும். கிதார் கேபிளில் இந்தத் தந்திரம் இல்லை; அதனால்தான் அது ஐந்தாறு மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பார்கள்.

சடசடப்பு மூன்று வகை. ஓங்கிப் பாடும் இடத்தில் மட்டும் வந்தால் கெய்ன் அதிகம். கேபிளை அசைக்கும்போது வந்தால் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. எங்கே வரும் என்றே சொல்ல முடியாமல் வந்தால் கம்ப்யூட்டர் பஃபரை நேரத்துக்கு நிரப்பத் திணறுகிறது. பஃபரைக் கூட்டி, வைஃபையை அணைத்து, மின்சாரச் சிக்கன அமைப்பை நிறுத்தி, இன்டர்ஃபேஸை யூ.எஸ்.பி. ஹப் வழியாக அல்லாமல் நேராகச் செருகினால் பெரும்பாலும் தீரும். பதியும்போது சிறிய பஃபர், கலக்கும்போது பெரிய பஃபர் என்று மாற்றிக்கொள்வது ஒலிப்பதிவாளர்களின் வழக்கம்.

பாட்டு வேகமாகவும் கீச்சென்றும் ஓடினால் அது விநாடிக்கு 44,100 மாதிரிக்கும் 48,000 மாதிரிக்கும் நடக்கும் குடும்பச் சண்டை. முந்தைய எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களின் கடைசியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்தான் கைக்குக் கிடைத்தது. ஒரு வீடியோ புலத்தில், அதாவது பாதிப் படத்தில், பயன்படுத்தக்கூடிய 245 கோடு, கோட்டுக்கு மூன்று மாதிரி, விநாடிக்கு 60 புலம், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையின் 294 கோடு, 50 புலத்துக்கும் அதே விடை வரும். சி.டி. அந்த எண்ணை எடுத்துக்கொண்டது; வீடியோ உலகம் 48,000-ஐப் பிடித்துக்கொண்டது. 44,100-இல் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டினால் சுருதி ஒன்றரை செமிடோன் உயரும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராத ஓரிடத்தில் போய் நிற்பார்.

இரண்டு மைக் வைத்துப் பதிந்த வீணை, தனித்தனியே நன்றாக இருந்து சேர்ந்தவுடன் சொத்தையாக ஒலித்தால், காரணம் தூர வித்தியாசம். ஒரு மைக் மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஒலி ஒரு மில்லிவிநாடி பிந்தும். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாகப் பாதிச் சுற்று. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து, அந்தச் சுரத்திலும் 1500, 2500 ஹெர்ட்ஸிலும் குழி விழும். ஒரு மைக்கை நகர்த்துவதே மருந்து.

கடைசிக் கணு காது. 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியபடி, சத்தம் குறையும்போது காது கீழ்ச்சுரங்களை வேகமாக இழக்கிறது. அதனால் எதை உரக்க வைத்தாலும் கனமாகவும் நன்றாகவும் தோன்றும். இரண்டு மைக்கை ஒப்பிடுகிறவர் ஒலியளவைச் சமப்படுத்தாமல் கேட்டால், சற்று உரத்து ஒலித்ததற்குத்தான் பணம் கொடுப்பார்.

அதே கேசட், இன்னொரு பாட்டு

சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு சேர்த்து அமைத்த 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' கூடத்திலிருந்து 1992-இல் 'ரோஜா' வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் ஒரு சிறு படுக்கையறையில் அண்ணன் ஃபினியாஸ் பதிந்து 2019-இல் வெளிவந்த பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம், அடுத்த ஆண்டு கிராமி விருதுகளை வாரிக்கொண்டு போனது. படுக்கையறைக்கு இதைவிட நல்ல விளம்பரம் இருக்க முடியாது.

ஆனால் கோல்ட்ஸ் நெக் கேசட்டின் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. ஸ்பிரிங்ஸ்டீன் அதை உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். அதை இசைத்தட்டில் வெட்டப் போனபோது கூடத்துக்குக் கூடம் சிக்கல். ஒலியளவைத் தாழ்த்தி வெட்டிய பிறகுதான் வழிக்கு வந்தது. அதே கேசட்டில் இன்னொரு பாட்டின் முதல் வடிவமும் இருந்தது: 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' அதைப் படுக்கையறையில் விட்டுவைக்கவில்லை. நியூயார்க்கில் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவின் உயர்ந்த மரக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மேக்ஸ் வைன்பெர்க் டிரம்ஸில் ஓங்கி அடித்தபோது, டிரம்ஸோடு சேர்ந்து அந்தக் கூடமும் முழங்கியது. 1984-இல் வெளிவந்த தட்டில் காதை நிறைப்பது அந்த முழக்கம்தான்.